ஜல்லி ரோட்டில் ஒரு ‘இந்தியானோ’

“கிராவல் பைக்கிங் போகலாம், வர்றியா?” என்று பார்சிலோனாவிலிருந்து நண்பன் போனில் கேட்டான்.

“கிராவல்னா ஜல்லிதானே?”

“ஆமா.”

“ஜல்லி ரோட்டுல சைக்கிள் ஓட்டறதுக்கு நான் எதுக்குடா ஸ்பெயின் வரணும்? எங்க தெருவுல ரெண்டு வருஷமா அதைத்தானே பண்ணிக்கிட்டு இருக்கோம்!”

மிகையில்லை. எங்கள் தெருவைத் தோண்டினார்கள், மூடினார்கள், ஜல்லி கொட்டினார்கள். தார் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. பால்காரர், பேப்பர் பையன், ட்யூஷனுக்குப் போகும் பெண்கள் எல்லோருமே உலகத் தரம் வாய்ந்த கிராவல் வீரர்கள். அவர்களுக்குத்தான் அது தெரியாது.

“அங்க ஓட்டினா தலையெழுத்து. இங்க ஓட்டினா ஸ்போர்ட்ஸ். காசு குடுத்து வாடகைக்கு எடுத்து ஓட்டறாங்க மாப்ள” என்றவன், கொஞ்சம் நிறுத்தி, “டிக்கெட் நான் போடறேன்” என்றான்.

கடைசி வாக்கியத்தில்தான் கதையே இருக்கிறது.

இவனும் நானும் மதுரையில் ஒரே பெஞ்சில் பி.காம். படித்தவர்கள். (பெயர் வேண்டாம். பத்திரிகையில் பெயர் வந்தால் உதைப்பான்.) 2013ல் வெளிநாடு போவதற்காக என்னிடம் 60,000 ரூபாய் வாங்கினான். “ஆறே மாசம்” என்றான். அது என் தங்கை கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம். ஆறு மாதம் ஆனது. அவன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு அம்மணி இரண்டு மொழியில் சொன்னாள். கல்யாணத்துக்காக அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. போனது போனதுதான்.

மூன்று வருஷம் பார்த்துவிட்டு மனசுக்குள் ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டேன். வராக்கடன் கணக்கு பற்று; நண்பன் கணக்கு வரவு. காமர்ஸ் படிக்காதவர்களுக்கு இதன் மொழிபெயர்ப்பு: ‘தொலையட்டும், இனி அவன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்.’

பத்து வருஷம் கழித்து அந்த மூஞ்சி போனில் கூப்பிடுகிறது. என் தன்மானம் சுமார் நாற்பது நிமிஷம் போராடியது. “உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, அந்த டிக்கெட்ல நான் போயிட்டு வரேன்” என்றாள் மனைவி. போராட்டம் வாபஸ்.

2023 ஜூன் முதல் வாரம், பார்சிலோனாவில் இறங்கினேன்.

★

முதலில் இந்த சைக்கிளைப் பற்றி.

பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் மாதிரியே ஆட்டுக்கடாக் கொம்பு ஹாண்டில் பார். ஆனால் டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அகலம், மேலே குட்டிக் குட்டிப் பட்டன்கள் பதித்த மாதிரி. டயருக்குள் ட்யூப் கிடையாது. அதற்குப் பதில் பால் மாதிரி ஒரு திரவம். முள் குத்தினால் அந்தத் திரவம் ஓடிவந்து ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். மலை ஏற கியர்கள், இறங்க டிஸ்க் பிரேக். ரேஸ் சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் கலப்புத் திருமணம் நடந்து பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டிலும் ஓடும், தார் தீர்ந்துபோன இடத்திலும் ஓடும்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் மண்பாதைகளில் 2006ல் 200 மைல் பந்தயம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இந்த விளையாட்டு பிரபலமானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2022ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது. அதாவது, நம் தெருவில் தினமும் நடப்பதற்கு உலகக் கோப்பை!

நண்பன் இப்போது ஒரு சைக்கிள் வாடகைக் கடையில் கணக்கும் பார்க்கிறான், ரிப்பேரும் பார்க்கிறான். விமான நிலையத்தில் கட்டிப் பிடித்தான். நான் பிடித்தும் பிடிக்காமலும் நின்றேன். ‘மன்னிச்சிருடா’ என்பான் என்று எதிர்பார்த்தேன். “உன் உயரம் என்ன? ஃபிரேம் சைஸ் பார்க்கணும்” என்றான்.

பணப் பேச்சை அவனும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அது மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் மாதிரி கூடவே வந்துகொண்டிருந்தது.

★

பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே, கடலை ஒட்டி, கர்ராஃப் என்று ஒரு மலைத்தொடர். சுமார் 12,000 ஹெக்டேர். 1986ல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். ஊட்டி, கொடைக்கானலைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். உயரமான மொரெல்யா சிகரமே 600 மீட்டரைத் தொடவில்லை. ஆனால் அடிவாரம் கடல் மட்டம் என்பதால் ஒவ்வொரு மீட்டரையும் நம் தொடைதான் ஏற வேண்டும்.

லோக்கல் ரயிலிலேயே சைக்கிளை ஏற்றிக்கொண்டு காஸ்டெல்டெஃபெல்ஸ் என்ற கடற்கரை ஊரில் இறங்கினோம்.

“தண்ணி ரெண்டு பாட்டில் ரொப்பிக்கோ. மேல ஒண்ணும் கிடைக்காது.”

“ஒண்ணு போதும். வெயிட் எதுக்கு?” என்றேன். பத்து வருஷக் கோபத்தில் இருப்பவன் சொன்ன பேச்சைக் கேட்பானா?

ஏற்றத்தின் பெயர் ராட் பெனாட். கத்தலான் மொழியில் வௌவால். கொஞ்ச தூரத்திலேயே தலைகீழாகத் தொங்குகிற உணர்ச்சி வந்துவிட்டதால் பெயர்ப் பொருத்தம் புரிந்தது. 2010ல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயமே இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த வீரர்கள் போன வேகத்தில் பாதியில் பாதிகூட இல்லாமல், நாக்கு வெளியே வர, நானும் போனேன்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாத்தா பின்னாலிருந்து வந்து, அலட்டிக்கொள்ளாமல் என்னை முந்தி, திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார்.

“ஏண்டா, அந்த ஆளு என்னை ‘அனிமல்ஸ்’னு திட்டிட்டுப் போறார்!”

“‘ஆனிம்ஸ்’னு சொன்னார். ‘தைரியமா ஏறு’ன்னு அர்த்தம்.”

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது என் பாட்டிலில் நாலு மடக்குதான் மிச்சம். அதையும் குடித்தேன்.

★

தார் முடிந்து ஜல்லி ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் பாறை. வெயில் மேலேயிருந்து ஒரு தடவையும் பாறையில் பட்டுத் திரும்பி ஒரு தடவையும் அடிக்கும். இடுப்புயரத்துக்கு மேல் மரங்கள் அபூர்வம். முள் இலை ஓக் புதர், ரோஸ்மேரி, நாணல் மாதிரி உயர்ந்த புல். காற்றடித்தால் ரோஸ்மேரி வாசனை ஜம்மென்று வரும். ரசித்துக்கொண்டே போனேன். திடீரென்று பிரேக் போட்டேன்.

பனை!

ஆமாம் ஸார், விசிறி விசிறியாக ஓலை விரித்த பனை. என்ன ஒன்று, முழங்கால் உயரம். மர்கல்யோ என்கிறார்கள். ஐரோப்பாவின் மெயின்லாண்டில் இயற்கையாக வளரும் ஒரே பனை இனம் இதுதானாம். மதுரைக்காரனுக்கு அந்தக் குட்டை ஓலையைப் பார்த்ததும் ஊரிலிருந்து யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நுங்கு கிடைக்குமா என்று கேட்டேன். நண்பன் பதில் சொல்லத் தகுதியான கேள்வியாக நினைக்கவில்லை.

“1982ல இந்த மலை எரிஞ்சுது. 1994ல மறுபடி எரிஞ்சுது” என்றான். “ரெண்டு தீயும் பெரிய தீ. பைன் மரமெல்லாம் அவ்வளவுதான். இந்தக் குட்டைப் பனை மட்டும் கரிக்கட்டையா நிக்கும், அடியில உயிர் இருக்கும். மழை விழுந்தா திரும்பத் துளிர்த்துடும்.”

மலைச்சரிவு முழுக்கக் கோடு கோடாகச் சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள். யார் இந்தக் கட்டாந்தரையில் வரப்பு கட்டினார்கள்? ஒரு காலத்தில் இதெல்லாம் திராட்சைத் தோட்டமாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்ஸெரா என்ற பொடிப்பூச்சி வேரைத் தின்று பிரான்ஸையும் ஸ்பெயினையும் சூறையாடியது. கொடி போனது, குடியானவர்களும் போனார்கள், கல் சுவர் மட்டும் நிற்கிறது.

ஆக, ‘மனிதன் காலடி படாத இயற்கை’ என்று நாம் நினைத்துக்கொண்டு வருகிற இடம் அப்படி இல்லை. உழுது, நஷ்டப்பட்டு, எரிந்து, கைவிடப்பட்ட நிலம். கணக்குப் பிள்ளை பாஷையில், ரைட்-ஆஃப் செய்யப்பட்ட சொத்து.

“ஹாண்டிலை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “ஜல்லியில சக்கரம் கொஞ்சம் அங்க இங்க போகும். போக விடு. தானா நேராகும். நீ இறுக்கினா விழுவே.”

இறுக்கினேன். விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபோது பாதையில் ஒரு ஆமை போய்க்கொண்டிருந்தது. மஞ்சளும் கறுப்புமாக ஓடு. இந்த மலையில் அற்றுப்போயிருந்த இனத்தைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது சைடு கொடுக்கவில்லை. நானும் தள்ளிக்கொண்டிருந்ததால் போட்டி சற்றுக் கடுமையாகத்தான் இருந்தது.

★

மொரெல்யா தோளில் ஏறியதும் நண்பன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே கை காட்டினான்.

“அது என்ன தெரியுதா?”

ஒரு பள்ளத்தாக்கு. சரிவில் படிப்படியாக வரப்புகள், பச்சைப் புதர்கள். “பழைய திராட்சைத் தோட்டமா?”

“குப்பைமேடு.”

1974லிருந்து 2006 வரை பார்சிலோனா நகரத்தின் குப்பை இந்தப் பள்ளத்தாக்கில்தான் கொட்டப்பட்டது. பெயர் வால் டென் ஜோவான். கணக்கைக் கவனியுங்கள்: 1986ல் ‘இயற்கைப் பூங்கா’ என்று போர்டு வைத்த பிறகும் இருபது வருஷம் லாரி வந்தது. இரண்டு கோடி டன்னுக்கும் மேல்!

அதுவும் எந்த மாதிரி மலையில்? சுண்ணாம்புக் கல் மலை. மழைத் தண்ணீர் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே நூற்றுக்கணக்கான செங்குத்துக் குழிகளும் குகைகளும் உண்டு. அதனால்தான் மேலே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. பெய்த மழையெல்லாம் ஓட்டைப் பாத்திரத்தில் ஊற்றியது போல உள்ளே இறங்கி, லா ஃபல்கொனேரா என்ற இடத்தில் பூமிக்கடியிலேயே போய்க் கடலில் கலக்கிறது. அப்படிப்பட்ட ஓட்டைப் பாத்திரத்தின் மேல் குப்பையைக் கொட்டினால் அதன் சாறு எங்கே போகும்? பி.காம். படித்தவனுக்கே தோன்றுகிற கேள்வி இது.

கடைசியில் மூடினார்கள். மூடிவிட்டு அப்படியே விட்டுவிடவில்லை. குப்பையை மண் போட்டு மூடி, பழைய விவசாயி கட்டிய மாதிரியே படி படியாக வரப்பு கட்டி, இந்த மலைச் செடிகளையே நட்டார்கள். உள்ளே அழுகுகிற குப்பையிலிருந்து வரும் வாயுவைக் குழாய் போட்டு எடுத்து மின்சாரம் செய்தார்கள். 2008ல் உலகக் கட்டடக்கலை விழாவில் இந்த வேலைக்குப் பரிசும் கிடைத்தது.

“ஆனா குப்பை உள்ளதான்டா இருக்கு” என்றேன். சொல்லும்போதே குரலில் வேறு ஏதோ ஏறிவிட்டது எனக்கே தெரிந்தது.

அவன் என்னைப் பார்த்தான். “ஆமா. உள்ளதான் இருக்கு” என்றான். “மேல மண்ணு போட்டா போயிடாது. குழாய் போட்டு எடுத்துக்கிட்டே இருக்கணும்.”

கொஞ்ச நேரம் இருவரும் குப்பைமேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பார்சிலோனாவில் பார்க்க எத்தனையோ இருக்க, நான் ரொம்ப நேரம் பார்த்த காட்சி அதுதான்.

★

இறங்கும்போது ‘புஸ்’ஸென்று சத்தம். கத்தி மாதிரி ஒரு சுண்ணாம்புக் கல் என் பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. அந்த அதிசயப் பால் என் முதுகெல்லாம் அபிஷேகம் ஆனதே தவிர, ஓட்டையை அடைக்கவில்லை. கிழிசல் அதற்குப் பெரிது.

பரவாயில்லை, நண்பனிடம் அவசரத்துக்கு ஒரு ட்யூப் இருந்தது. அதற்கு முன்னால் கிழிசலுக்கு உள்பக்கமாக ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்யூப் பிதுங்கும். உலகமெங்கும் சைக்கிள்காரர்கள் இதற்குச் செய்வது ஒன்றுதான்: பணத்தாளை மடித்து வைப்பது. அவன் பர்ஸிலிருந்து ஐந்து யூரோ எடுத்தான். “இரு!” என்று தடுத்து என் பர்ஸிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். காமர்ஸ் மூளை எங்கே போகும்?

ட்யூபைப் போட்டுக் காற்றடித்தால்... நிற்கவில்லை. பைக்குள் ஸ்பானரோடு உரசி உரசி ட்யூபிலும் ஒரு ஓட்டை!

மணி பன்னிரண்டரை. நிழல் என்று சொல்ல முழங்கால் உயரப் பனை. என் பாட்டில் காலி. அவனுடைய இரண்டில் ஒன்று காலி, இன்னொன்றில் பாதி. மூன்று வருஷமாக மழை சரியாகப் பெய்யாத சமயம் அது. (2024 பிப்ரவரியில் பார்சிலோனா பகுதிக்கு வறட்சி அவசரநிலையே அறிவிக்க வேண்டிவந்தது.) ஆள் நடமாட்டம் கிடையாது.

“ஒட்டுப் போடற கிட் இருக்கு. ஆனா ஓட்டை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத் தண்ணித் தொட்டி வேணுமே. கடையில இப்பல்லாம் புது ட்யூப் மாத்திடறோம். ஒட்டறதையே மறந்துட்டேன்” என்றான். கை தானாக அந்தப் பாதி பாட்டிலிடம் போனது.

“அதைத் தொடாதே!” என்றேன்.

எட்டாம் கிளாஸ் லீவில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் எடுபிடியாக இருந்திருக்கிறேன். கோடையில் தண்ணீர் இல்லாத நாளில் கடைக்கார அண்ணன் செய்வது ஞாபகம் வந்தது. ட்யூபில் காற்றடித்து, உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்லச் சுற்றினேன். காதுக்குக் கேட்காதது உதட்டுக்குத் தெரியும். மூன்றாவது சுற்றில் ஊசி மாதிரி ஒரு குளிர்ந்த காற்று. மாட்டியது!

உப்புத்தாள் தேய்த்து சொலுஷன் தடவினேன். தடவியவுடன் ஒட்டக் கூடாது. ஐந்து நிமிஷம் காய வேண்டும். பஞ்சர் ஒட்டுவதில் கஷ்டமான பகுதி இந்த ஐந்து நிமிஷம்தான்.

“அம்மா எப்படி இருக்காங்க?” என்றான்.

“இருக்காங்க. கழுத்துல சங்கிலிதான் இல்லை.”

பத்து வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தது. வந்துவிட்டது. தங்கை கல்யாணம், அடகுக் கடை, மீட்க முடியாமல் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். கத்திச் சொன்னதாகக்கூட ஞாபகம். கேட்க ஆள் இல்லாத மலை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். ஏஜென்ட் சொன்ன வேலை இங்கே இல்லவே இல்லை. பேப்பர் கிடையாது. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டுக் கழுவினான்; ஒரே அறையில் ஏழு பேர். அப்போதைய சட்டப்படி, மூன்று வருஷம் இந்த நாட்டில் இருந்ததை நிரூபித்து, வேலைக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் முறையான அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியும். “முதல் வருஷம் பணம் இல்லாததால போன் பண்ணலை. ரெண்டாவது வருஷம், முதல் வருஷம் பண்ணாததால பண்ணலை. அப்புறம்... எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பண்றது?”

“சங்கிலி விஷயம் எனக்குத் தெரியாதுடா.”

“போனை எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

பதில் இல்லை. பாட்டிலை என் பக்கம் நீட்டினான். “குடி.”

“உனக்கு?”

“எனக்குத் தாகமா இல்லை.”

உதடு வெடித்திருந்தது அவனுக்கு. பி.காம். முதல் வருஷம் எனக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டிவிட்டு, ‘எனக்குப் பசிக்கலை’ என்று மத்தியானம் முழுக்கப் பொய் சொன்ன அதே முகம். அளந்து ஆளுக்குப் பாதி குடித்தோம். தணிக்கை செய்தாலும் குற்றம் சொல்ல முடியாத பாதி.

சொலுஷன் காய்ந்திருந்தது. ஒட்டினேன். நின்றது.

★

தண்ணீர் கிடைத்த இடம், நம்ப மாட்டீர்கள், ஒரு திபெத்திய பௌத்த மடம்!

பிளானா நொவெல்யா என்ற மேட்டு நிலத்தில் திடீரென்று ஒரு அரண்மனை. வண்ண வண்ணமாகப் பிரார்த்தனைக் கொடிகள். 1996லிருந்து சாக்யா தாஷி லிங் என்ற மடம் இங்கே இருக்கிறது. குழாயில் முகத்தைக் கொடுத்து, வயிறு ‘களக் களக்’ என்று ஆடும்வரை குடித்துவிட்டு, பிறகுதான் கட்டடத்தையே நிமிர்ந்து பார்த்தேன்.

“இதைக் கட்டினது ஒரு ‘இந்தியானோ’” என்றான் நண்பன்.

நெஞ்சை நிமிர்த்தினேன். “நம்ம ஆளா!”

“அடங்கு. கியூபாவுக்குப் போய்ச் சம்பாதிச்சிட்டு வந்த கத்தலான்.”

அமெரிக்கக் கண்டத்தில் இறங்கிவிட்டு ‘இந்தியா வந்தாச்சு’ என்று கொலம்பஸ் செய்த அட்ரஸ் மிஸ்டேக்கின் மிச்சம் இது. அந்தப் பக்கம் போய்ப் பணத்தோடு திரும்பியவர்களை ஸ்பெயினில் ‘இந்தியானோ’ என்று அழைத்தார்கள். கரும்பிலும் அடிமை உழைப்பிலும் சேர்ந்த பணம் அதில் நிறைய. அப்படித் திரும்பிய ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காட்டில் அரண்மனையும் விவசாயக் குடியிருப்பும் கட்டினார். பூச்சி வந்தது. தண்ணீரும் இல்லை. கனவு நிலைக்கவில்லை. வெகுகாலம் கழித்துத்தான் பிக்குகள் வந்தார்கள்.

“அப்ப நீதான்டா நிஜமான இந்தியானோ” என்றேன். “என்ன, அவன் பணத்தோட ஊருக்குத் திரும்பினான். நீ என் பணத்தோட ஊரை விட்டுப் போனே.”

ஒரு நிமிஷம் முழித்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள்... கொடி காய்ந்துகொண்டிருந்த திசையிலிருந்து யாரோ எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். பத்து வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு.

★

அங்கிருந்து சிட்ஜஸ் ஊர்வரை பெரும்பாலும் இறக்கம். கீழே நீலமாகக் கடல், சக்கரத்துக்கடியில் ஜல்லி ‘கறகற’ என்று அரைபடும் சத்தம். ஹாண்டிலைத் தளர்த்திப் பிடித்தேன். சக்கரம் அங்கே இங்கே போனது. போக விட்டேன். நேரானது. மடித்து வைத்த பத்து ரூபாய் கடைசிவரை தாங்கியது. இந்திய ரூபாயின் மதிப்பு சர்வதேச அளவில் அந்த அளவுக்கு உயர்ந்து நான் பார்த்ததில்லை!

சிட்ஜஸ் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கேட்டான். “சங்கிலி எத்தனை பவுன்?”

“விடுடா.”

“சொல்லுடா.”

“மூணு.”

தலையை ஆட்டிக்கொண்டான். அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பிய மறுமாதம் ஐந்தாம் தேதி அம்மா பேருக்கு ஒரு தொகை வந்தது. பெரிய தொகை இல்லை. அடுத்த மாதமும் வந்தது. பவுன் விலை ஏறுகிற ஏற்றத்தில் அவன் ராட் பெனாட்டில் என்னைப் போலத்தான், மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிறான். ஆனால் இறங்கித் தள்ளவில்லை. அம்மாவுக்குப் பணத்தைவிட, ஐந்தாம் தேதி ராத்திரி அவன் போன் வருகிறதா என்பதுதான் முக்கியமாகிவிட்டது.

பி.காமில் எங்களுக்கு அக்கவுண்டன்ஸி எடுத்த வாத்தியார் அடிக்கடி ஒன்று சொல்வார். வராக்கடன் என்று எழுதித் தள்ளிய பணம் பின்னால் ஒருநாள் திரும்பி வந்தால், அதைக் கடன்காரன் பேரில் வரவு வைக்கக் கூடாது. அவன் கணக்கு என்றைக்கோ முடிந்துவிட்டது. திரும்பி வந்ததை லாபம் என்றுதான் எழுத வேண்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். ஏன் என்று புரிந்தது கர்ராஃப் மலையில், கரிந்த அடியிலிருந்து துளிர்த்திருந்த ஒரு குட்டைப் பனைக்குப் பக்கத்தில்.

உங்களில் யாராவது சைக்கிளோடு அந்தப் பக்கம் போனால் ஒரே ஒரு யோசனை. தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பர்ஸில் ஒரு பத்து ரூபாய் இருக்கட்டும்.

எங்கள் தெருவுக்குத் தார் இன்னும் வரவில்லை. நேற்று பேப்பர் பையன் ஜல்லியில் ஏற முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து கத்தினேன்: “ஆனிம்ஸ்!”

“அனிமல்னா சொல்றீங்க?” என்று சைக்கிளை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டான்.